வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை: ஏழு, எட்டு வயதினரின் வகுப்பறைத் தேர்தல் – ஒரு நிகழ்வு ஆய்வு

சிறு குழந்தைகளுக்குத் தேர்தலைப் பற்றிக் கற்பிக்க முனையும் பள்ளிகள் பெரும்பாலும் வகுப்புத் தலைவர் தேர்தலைத்தான் கையில் எடுக்கின்றன. ஏற்பாடு எளிது: மூன்று பெயர்கள், ஒரு பெட்டி, கொஞ்சம் கைதட்டல், ஒரு முடிவு. இங்கே விவரிக்கப்படும் வகுப்பின் ஆசிரியர் அந்த வழி வேண்டாம் என்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டார். வேறொரு வகுப்பில் நடந்த தலைவர் தேர்தலின்போது கரும்பலகையில் தன் பெயருக்கு நேரே ஒரே ஒரு கோடு விழுந்திருப்பதையும், அந்த ஒரு கோடும் தான் போட்ட வாக்குதான் என்பதையும் உணர்ந்து ஒரு குழந்தை திகைத்து உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். 'என்னை யாருக்கும் பிடிக்கவில்லை' என்பதும் 'இந்தப் பொறுப்புக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்' என்பதும் வெவ்வேறு செய்திகள் என்று ஏழு வயதில் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. பெரியவர்கள் பலருக்கும் அது கடினம் என்பது வேறு விஷயம்.

ஆகவே ஆளை விட்டுவிட்டு ஒரு செயலை வாக்கெடுப்புக்கு விடுவது என்று அவர் முடிவு செய்தார். வகுப்பில் 31 குழந்தைகள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை எப்படிக் கழிப்பது என்பதே கேள்வி. அந்த வகுப்பில் நான் பார்வையாளராக இருந்தேன். ஆசிரியர் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் அவருடைய இசைவோடு இங்கே பயன்படுத்துகிறேன்.

எதை வாக்குக்கு விடுவது

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதற்கே ஆசிரியர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். என் கணிப்பில் அந்த முயற்சியின் பாதி வெற்றி அங்கேயே உறுதியாகிவிட்டது. கொடுப்பதாகச் சொல்லும் பொருள் உண்மையிலேயே தன் கையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் நிபந்தனை. முடிவு அந்த வாரத்திலேயே குழந்தைகளின் கண் முன்னால் நடந்துவிட வேண்டும். அடுத்த மாதம் என்பது அந்த வயதினருக்கு ஏறத்தாழ இல்லாத காலம். எந்தப் பக்கம் முடிவு வந்தாலும் எந்தக் குழந்தைக்கும் தீங்கு நேரக் கூடாது. இவற்றுக்கும் மேலாக, எந்த முடிவு வந்தாலும் அதை மனதார நிறைவேற்ற அவரே தயாராக இருக்க வேண்டும். தனக்கு வேண்டிய விடையை மனதில் வைத்துக்கொண்டு வாக்கெடுப்பு நடத்திவிட்டு, வேறு விடை வந்ததும் 'இன்னொரு முறை நன்றாக யோசித்துப் போடுங்கள்' என்று சொல்லும் ஆசிரியரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரே ஒரு முறை நடந்தாலும் வாக்குப்பெட்டி வெறும் விளையாட்டுச் சாமான் என்று குழந்தைகள் புரிந்துகொண்டுவிடுவார்கள்.

யோசனைகளைக் குழந்தைகளே சொன்னார்கள். முன்மொழிந்தவர் தவிர வழிமொழிய இன்னொருவரும் வேண்டும் என்ற விதியிலேயே பாதி யோசனைகள் உதிர்ந்துவிட்டன. 'சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்' என்ற யோசனைக்கு மட்டும் வழிமொழிய ஏகப்பட்ட கைகள் உயர்ந்தன. 'அதை முடிவு செய்யும் அதிகாரம் எனக்கே கிடையாது. என்னிடம் இல்லாததை உங்களுக்கு எப்படித் தர முடியும்?' என்று கேட்டு ஆசிரியர் அதை நீக்கினார். ஒவ்வொரு அமைப்புக்கும் அதிகார எல்லை உண்டு என்ற செய்தி இத்தனை சுருக்கமாகச் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை. இறுதியில் கதை கேட்பது, பந்து விளையாடுவது, ஓடிப் பிடித்து விளையாடுவது ஆகிய மூன்றும் எஞ்சின.

கை தூக்கிப் பார்த்த ஒத்திகை

உண்மையான வாக்கெடுப்புக்கு முன்பாக, இரண்டு பாட்டுகளில் எதை முதலில் பாடுவது என்ற சிறு கேள்விக்குக் கை தூக்கச் சொன்னார்கள். 31 குழந்தைகள் இருந்த வகுப்பில் 36 கைகள் எண்ணப்பட்டன. இரண்டுக்கும் தூக்கியவர்கள் சிலர். ஆனால் கவனிக்க வேண்டியது அதுவன்று. பலரும் கையைத் தூக்குவதற்கு முன் பக்கத்து இருக்கையைப் பார்த்தார்கள். ஒரு சிறுமி கையைப் பாதி தூக்கினாள், தன் தோழிகள் யாரும் தூக்கவில்லை என்று கண்டாள், உடனே அந்தக் கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு அதற்காகவே தூக்கியது போலக் கீழே இறக்கினாள்.

எண்ணிக்கை ஏன் தவறியது என்று ஆசிரியர் கேட்டபோது அந்தச் சிறுமியைச் சுட்டிக்காட்டவில்லை. 'யாராவது பக்கத்தில் பார்த்துவிட்டுத் தூக்கினீர்களா?' என்று பொதுவாகக் கேட்டார். சிரிப்பு வந்தது, சிரிப்பே பதிலாகவும் இருந்தது. மறைவாக வாக்களிக்கும் முறை எதற்கு என்ற விளக்கத்தை அந்தச் சிரிப்பின் மீதுதான் அவர் கட்டினார். பிரிட்டனில் 1872 வரை வாக்காளர் தன் தேர்வை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது; நிலச் சொந்தக்காரரும் முதலாளியும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856இலேயே அச்சிட்ட சீட்டில் மறைவாக வாக்களிக்கும் முறைக்கு மாறியிருந்தன. பிரிட்டனில் புதிய சட்டத்தின்படி 1872 ஆகஸ்டில் பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலில் வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க அவ்வூர் அதிமதுர மிட்டாய் ஆலையின் முத்திரையைப் பயன்படுத்தினார்கள். குழந்தைகள் இதில் நிலச் சொந்தக்காரரை மறந்துவிட்டு மிட்டாய் முத்திரையைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் பெட்டிக்கும் முத்திரை வேண்டும் என்று கேட்டு, களிமண்ணை அப்பி, ஒரு பொத்தானை அழுத்தி முத்திரையும் வைத்தார்கள்.

சீட்டும் பிரசாரமும்

வகுப்பில் எல்லோரும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள்தான். ஆனால் படிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. வாக்களிப்பது வாசிப்புத் தேர்வாகிவிடக் கூடாது என்பதற்காகச் சீட்டில் படங்கள் இடம்பெற்றன. இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951–52இல் நடந்தபோது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். வாக்காளர் தமக்கு வேண்டிய சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். தேர்தல் சின்னம் என்ற ஏற்பாட்டின் பயனை இதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் கிடைப்பது அரிது.

ஆசிரியர் வரைந்த மாதிரிச் சீட்டைப் பலகையில் ஒட்டியதும் ஒரு பையன் எழுந்து, 'டீச்சர், பந்து மட்டும் பெருசா இருக்கு' என்றான். இருந்தது. புத்தகத்தின் படமும் ஓடும் சிறுவர் படமும் பந்தைவிடச் சிறியவை. பந்துக்கு மட்டும் வண்ணமும் தீட்டப்பட்டிருந்தது. மூன்றும் ஒரே அளவில், வண்ணம் இல்லாமல் மீண்டும் வரையப்பட்டன. வரிசையில் முதலில் இருப்பதற்கு ஒரு சாதகம் உண்டு என்பதால், படங்களின் வரிசையை மூன்று விதமாக மாற்றிச் சீட்டுகளைத் தயாரித்தார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத் தேர்தல்களிலும் வேட்பாளர் பெயர்களின் வரிசையைச் சீட்டுக்குச் சீட்டு மாற்றியே அச்சிடுகிறார்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பேச்சாளர்கள். பந்தின் பக்கம் பேசிய சிறுவன், 'எல்லாருக்கும் பந்து கிடைக்கும்' என்று வாக்குறுதி தந்தான். எத்தனை பந்து இருக்கிறது என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. ஒன்று என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆசிரியரும் இடைமறிக்கவில்லை.

பிரசாரத்தின் இரண்டாம் நாள் ஒரு முறையீடு வந்தது: ஒருவன் தன் பக்கம் வாக்களிப்பவர்களுக்கு ஸ்டிக்கர் கொடுக்கிறான். ஆசிரியர் கண்டிப்பதற்கு முன் வகுப்பிடம் கருத்துக் கேட்டார். வாங்கியவர்களில் ஒரு சிறுமி தயங்காமல், 'நான் ஸ்டிக்கரை வாங்கிக்கிட்டேன் டீச்சர், ஆனா எனக்குப் பிடிச்சதுக்குத்தான் போடுவேன். அவனுக்கு எப்படித் தெரியும்?' என்றாள். மறைவாக வாக்களிக்கும் முறை வாக்குக்கு விலை பேசுவதை எப்படி நம்பகமற்ற வியாபாரமாக்குகிறது என்று பாடநூலில் எழுதினால் ஒரு பக்கம் ஆகும். கொடுத்தவனின் முகம் வாடியதிலேயே வகுப்புக்கு அது விளங்கிவிட்டது. எனினும் கொடுப்பதும் வாங்குவதும் தவறு என்ற விதியை அன்றே பலகையில் எழுதிச் சேர்த்தார்கள். வாங்கிய ஸ்டிக்கர்கள் திரும்பிப் போயின.

வாக்குப்பதிவு

வருகைப் பதிவேடே வாக்காளர் பட்டியல். அன்று ஒரு குழந்தை வரவில்லை. அவனுக்குப் பதிலாகத் தான் போடுவதாக அவனுடைய நண்பன் கேட்டான். 'அவனுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியும்' என்பது அவன் வாதம். ஆசிரியர் மறுத்துவிட்டார். வாக்களித்தவரின் விரலில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தது குழந்தைகளுக்குப் பெருங்கொண்டாட்டம். மையும் பெட்டியும் மறைப்புத் தட்டியும் வேண்டியவைதான், ஆனால் பல பள்ளிகளில் முழு உழைப்பும் இந்த அலங்காரத்திலேயே செலவாகி, புகைப்படம் எடுத்ததோடு பாடம் முடிந்துவிடுகிறது. இங்கே அந்தப் பகுதி விரைவில் முடிந்தது.

மறைப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த ஒரு குழந்தை, மடித்த சீட்டைப் பெட்டியில் போடாமல் ஆசிரியரிடம் நீட்டி, 'நான் போட்டது சரியா டீச்சர்?' என்று கேட்டது. அந்தக் கேள்வியை இந்த ஆய்வின் மிக முக்கியமான தருணமாக நான் கருதுகிறேன். தாளில் குறியிட்டால் அது தேர்வு, தேர்வென்றால் ஒரு சரியான விடை உண்டு, அந்த விடை ஆசிரியருக்குத் தெரியும் என்பதே பள்ளிக்கூடம் அதுவரை அந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. ஆசிரியர் சீட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'இதுல சரி, தப்பு கிடையாது. உனக்கு எது வேணுமோ அதுதான். என்கிட்டக் காட்டாதே' என்றார். குழந்தை நம்பாதது போலச் சற்று நின்றுவிட்டுச் சீட்டைப் பெட்டியில் போட்டது. தன் விருப்பத்துக்கு மதிப்பெண் போட யாரும் இல்லை என்பது அந்த வயதில் விடுதலையாக அல்ல, கலக்கமாகத்தான் தெரிகிறது. தேர்தல் பற்றிய பாடத்திட்டங்கள் இதற்கு இடமே ஒதுக்குவதில்லை.

எண்ணிக்கையின்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவர் அருகில் நின்றார். 30 சீட்டுகளில் இரண்டு சிக்கலானவை. ஒன்றில் மூன்று படங்களுக்கும் குறி போடப்பட்டிருந்தது. மூன்றும் பிடிக்கும் என்பதே அதன் பொருளாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மற்றொன்றில் பந்துக்குக் குறி, கீழே அழகான கையெழுத்தில் பெயர். பெயர் எழுதக் கூடாது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. இந்தியா, பிரிட்டன் உட்படப் பல நாடுகளின் தேர்தல் விதிகள் வாக்காளரை அடையாளம் காட்டும் சீட்டைச் செல்லாததாக்குகின்றன. வாக்களித்தவர் யார் என்று தெரிய வழியிருந்தால் விலைக்கு வாங்கியவர் சரிபார்த்துக்கொள்ள முடியும் என்பதே காரணம். ஸ்டிக்கர் விவகாரம் புதிதாக இருந்ததால் வகுப்பு இந்த விளக்கத்தை உடனே ஏற்றுக்கொண்டது. எஞ்சிய 28 வாக்குகளில் கதைக்கு 11, பந்துக்கு 9, ஓடிப் பிடிப்பதற்கு 8. பெயர் எழுதிய சீட்டைச் சேர்த்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

பதினேழு பேரின் முறையீடு

முடிவை அறிவித்த உடனேயே பந்துப் பக்கத்திலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. 'வெளிய விளையாடணும்னு சொன்னவங்கதான் நிறைய பேரு. ஒன்பதும் எட்டும் பதினேழு. பதினேழு பெருசா, பதினொன்னு பெருசா?' கூட்டல் சரியாகத்தான் இருந்தது. வாக்குச் சிதறல் என்று அரசியல் கட்டுரைகள் எழுதுவதை அந்தச் சிறுவன் விரல் விட்டு எண்ணிக் காட்டினான். மீண்டும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற கோரிக்கைக்கு நல்ல ஆதரவும் இருந்தது.

ஆசிரியர் எடுத்த முடிவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை கதைதான். ஏனென்றால் அதிக வாக்கு பெற்றது வெல்லும் என்ற விதி வாக்கெடுப்புக்கு முன்பே பலகையில் இருந்தது, அப்போது யாரும் அதை மறுக்கவில்லை, முடிவைப் பார்த்த பிறகு விதியை மாற்றினால் அடுத்த முறை வேறொருவர் மாற்றச் சொல்வார். ஆனால் அந்த விதி சரியில்லை என்று நினைப்பவர்கள் திங்கட்கிழமை வேறு விதியை முன்வைக்கலாம். இது அன்று தோற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. கதை வாசிக்கப்பட்டபோது இருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் அவர்களைத் திரும்பச் சொல்லவில்லை. தோற்றவர் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டுமே தவிர அதைக் கொண்டாட வேண்டியதில்லை.

சிறு குழந்தைகள் விளையாட்டு விதிகளை மாற்ற முடியாத புனிதக் கட்டளைகளாகப் பார்க்கிறார்கள் என்றும், பத்து வயதை ஒட்டித்தான் அவற்றைத் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமாகக் காணத் தொடங்குகிறார்கள் என்றும் ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் எழுதினார். கோலி விளையாடும் சிறுவர்களைக் கவனித்தும் அவர்களோடு பேசியும் அவர் கண்டது அது. இந்த வகுப்பில் ஏழு, எட்டு வயதினர் விதியைத் திருத்தக் கேட்டது அதற்கு முரணாகத் தெரியலாம். ஆனால் அவர்கள் விதியை மாற்றச் சொல்லி ஆசிரியரிடம்தான் கேட்டார்கள். தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் திங்கட்கிழமை வரை யாருக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை வந்த யோசனை இது: கடைசியில் வந்ததை நீக்கிவிட்டு, முதல் இரண்டுக்கும் மட்டும் மறுபடி வாக்களிப்பது. பிரான்சின் அதிபர் தேர்தலில் இரண்டாம் சுற்று நடப்பதும், ஆஸ்திரேலியா 1918 முதல் கீழவைத் தேர்தலில் பயன்படுத்தும், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் விருப்ப வரிசை முறையும் இதே நோக்கத்தை நிறைவேற்றுபவை. குழந்தைகளுக்கு இவை எதுவும் தெரியாது. புதிய விதி இந்த முறையும் முன்கூட்டியே பலகையில் எழுதப்பட்டது.

அந்த வாரம் 31 பேரும் வந்திருந்தார்கள், செல்லாத வாக்கு ஒன்றும் இல்லை. முதல் சுற்றில் கதைக்கு 12, பந்துக்கு 10, ஓடிப் பிடிப்பதற்கு 9. ஓடிப் பிடிப்பது நீங்கியது. பந்துப் பக்கத்தினர் வெற்றி தங்களுக்கே என்று நம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். இரண்டாம் சுற்றின் முடிவு: கதைக்கு 17, பந்துக்கு 14.

முந்தைய வாரத்தில் அத்தனை உறுதியாகச் சொல்லப்பட்ட பதினேழு பேர் கொண்ட அணி உண்மையில் இருக்கவே இல்லை. மற்றவர்கள் தங்கள் வாக்கை மாற்றவில்லை என்று கொண்டால், ஓடிப் பிடித்து விளையாட விரும்பிய ஒன்பது பேரில் ஐந்து பேர் கதையின் பக்கம் போயிருக்கிறார்கள். யார் என்று கேட்க முடியாது, கேட்கவும் இல்லை. ஆனால் மதிய இடைவேளையில் ஒரு சிறுமி தானாகவே வந்து சொன்னாள்: 'பந்து விளையாடினா நாலஞ்சு பேருதான் டீச்சர் விளையாடுவாங்க. நாங்க ஓரமா நிப்போம்.' வெளியே விளையாட விரும்புகிறவர்கள் என்ற அணியைக் கூட்டியது பந்துப் பக்கத்தின் கணக்கு. அந்த அணியில் சேர்க்கப்பட்டவர்களின் கருத்தை அதற்கு முன் யாரும் கேட்டிருக்கவில்லை. தேர்தல் முடிவுகளுக்கு மறுநாள் வெளிவரும் அலசல்களில் இரு கட்சிகளின் வாக்கைக் கூட்டிப் 'பெரும்பான்மை எங்கள் பக்கம்' என்று சொல்லப்படும் வாதங்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

மூன்று தேர்வுகள் இருக்கும்போது பெரும்பான்மையின் விருப்பம் வட்டமாகச் சுற்றலாம், அதாவது முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது முதலாவதையும் தோற்கடிக்கலாம் என்று பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785இலேயே காட்டினார். நியாயமென்று தோன்றும் எல்லா நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் வாக்கு முறை இருக்க முடியாது என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் நிறுவினார். இவற்றை ஏழு வயதில் கற்பிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் கற்பிப்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. தெரிந்திருந்தால் 'இதுதான் சரியான முறை' என்று அழுத்திச் சொல்லத் தோன்றாது.

வாக்குக்கு விடக் கூடாதது

வாக்கெடுப்பு என்ற கருவியின் சுவை தெரிந்த பிறகு குழந்தைகள் அதை எல்லா இடத்திலும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சில நாள்களில் ஒரு குழு வந்து, குறிப்பிட்ட ஒரு பையனை விளையாட்டில் சேர்க்கலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போடப் போவதாக அறிவித்தது. அவன் தோற்றால் அழுகிறான், ஆட்டத்தைக் கெடுக்கிறான் என்பது குற்றச்சாட்டு. அவனும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

ஆசிரியர் அனுமதிக்கவில்லை. காரணம் கேட்டபோது அவர் பொதுவான அறிவுரை எதுவும் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்: 'நாளைக்கு உன்னைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு ஓட்டுப் போட்டா, எத்தனை ஓட்டு விழுந்தா நீ வெளிய போக ஒத்துக்குவே?' பதில் வரவில்லை. அன்றிலிருந்து 'ஆள் மேல ஓட்டு இல்லை' என்பது வகுப்பின் விதியானது. பெரும்பான்மை எத்தனை பெரிதாக இருந்தாலும் தொட முடியாத உரிமைகளை அரசமைப்புச் சட்டங்கள் தனியே பாதுகாப்பது இதே காரணத்துக்காகத்தான். வகுப்பறைத் தேர்தலைப் பற்றிய கையேடுகள் எப்படி வாக்களிப்பது என்பதை விரிவாகச் சொல்கின்றன. எதில் வாக்களிக்கக் கூடாது என்ற பகுதி அவற்றில் இருக்குமானால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும். அது முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது. அழும் பையனின் பிரச்சினை அதனால் தீரவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அது வேறு விதமாக, மெதுவாக, வாக்கெடுப்பு இல்லாமல் கையாளப்பட்டது.

ஆசிரியரின் இடம்

வகுப்பில் இப்படியொரு பேச்சு எழுந்தால் நாட்டின் தேர்தலும் உள்ளே வந்துவிடும். 'நீங்க யாருக்கு டீச்சர் ஓட்டுப் போடுவீங்க?' என்ற கேள்வி வந்தது. வீட்டில் அடிபடும் கட்சிப் பெயர்களும் வந்தன. மறைவாக வாக்களிப்பதைப் பற்றிப் பேசிய வகுப்பு என்பதால் அவருக்குப் பதில் எளிதாக இருந்தது: நீங்கள் எனக்குக் காட்ட வேண்டியதில்லை, நானும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனடாவில் 2003 முதல் பள்ளி மாணவர்கள் உண்மையான வேட்பாளர்களுக்கே மாதிரி வாக்களிக்கும் திட்டம் நடந்துவருகிறது. வளர்ந்த மாணவர்களுக்கு அது பொருந்தலாம். ஏழு வயதில் குழந்தையின் வாக்கு வீட்டின் வாக்காகத்தான் இருக்கும் என்பதால் இந்த வகுப்புக்கு அது வேண்டாம் என்ற ஆசிரியரின் நிலைப்பாட்டோடு நான் உடன்படுகிறேன்.

நாங்கள் ஏன் உண்மையான தேர்தலில் வாக்களிக்க முடியாது என்ற கேள்விக்குத்தான் நேர்மையான பதில் சொல்வது கடினம். வாக்களிக்கும் வயது இயற்கை விதித்தது அல்ல. இந்தியாவில் 61ஆவது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 1989 வரை அது 21ஆக இருந்தது. ஆஸ்திரியா 2007இல் 16ஆகக் குறைத்தது. பிரேசிலில் 1988 முதல் 16 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம். வயதைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள், அதை மாற்றியும் இருக்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். 1989இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. அது வாக்குரிமை அல்ல, ஆனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு அது போதும்.

பிறகு

மூன்றாவது வாரம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. பந்துப் பக்கத்தினர் தாங்களாகவே சமரசத்துக்கு வந்தார்கள்: ஒரு வாரம் கதை, ஒரு வாரம் பந்து, ஒரு வாரம் ஓடிப் பிடிப்பது. எதிர்ப்பு எதுவும் எழவில்லை. தேர்தல் பாடம் தேர்தலைக் கைவிடுவதில் முடிந்துவிட்டதே என்று சக ஆசிரியர்கள் சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள முடிந்ததைப் பகிர்ந்துகொண்டு, பகிர முடியாததற்கு மட்டும் வாக்குப்பெட்டியை வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். வகுப்புக்கு ஒரே ஒரு புத்தகம் வாங்குவதற்கு அனுமதி கிடைத்தபோது பெட்டி மறுபடி வெளியே வந்தது, களிமண் முத்திரையோடு.

ஆண்டிறுதியில் நினைவிலிருந்து வரையச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் பெட்டியையும் புள்ளி வைத்த விரலையும்தான் வரைந்தார்கள். எண்ணிக்கையை வரைந்தவர்கள் மிகச் சிலர். பலகையில் எழுதிய விதியை வரைந்தவர் யாருமில்லை. படத்தில் வராததால் மனதில் பதியவில்லை என்று சொல்ல முடியாது, பதிந்தது என்று சொல்லவும் இந்த ஒரு வகுப்பின் அனுபவம் போதாது.

எஞ்சியது வகுப்புத் தலைவர் பிரச்சினை. பள்ளி அலுவலகம் ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆசிரியர் அதைச் சீட்டுக் குலுக்கலுக்கு விட்டார். இதற்கு நீண்ட வரலாறு உண்டு: பண்டைய ஏதென்ஸில் ஐந்நூற்றுவர் அவைக்கு உறுப்பினர்களைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையும் இன்றைய பொருளில் தேர்தல் அல்ல. வயது, நிலம், கல்வி ஆகிய தகுதிகள் உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இந்த வகுப்பில் தகுதி எதுவும் வைக்கப்படவில்லை, 31 பெயர்களும் டப்பாவில் இருந்தன, வாரத்துக்கு ஒரு சீட்டு எடுக்கப்பட்டது. வேண்டாம் என்று சொன்னவர்களை வற்புறுத்தாமல் அடுத்த சீட்டை எடுத்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவன் மறு மாதம் தன் சீட்டை மறுபடி டப்பாவில் போடச் சொல்லிக் கேட்டு வந்தான், போட்டார்கள்.